பெயரோடு சேரும் பட்டங்கள்: ஒரு தம்பியின் கேள்விக்குப் பதில்

கேள்வியின் சுருக்கம் இது. வெள்ளவத்தையில் வசிக்கும் ஒரு தம்பி கொழும்புப் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடக் கலைப் பட்டத்தை இரண்டாம் வகுப்பில் முடித்திருக்கிறார். இப்போது வார இறுதிகளில் முதுமாணி படிக்கிறார். தை மாதம் அவருக்குத் திருமணம். அழைப்பிதழில் அவர் பெயருக்குப் பின்னால் 'பி.ஏ. (ஹொன்ஸ்), எம்.ஏ. (ரீடிங்)' என்று போட வேண்டும் என்பது தகப்பனாரின் விருப்பம். ஓய்வுபெற்ற அதிபரான பெரியப்பாவுக்கு ஓர் அமைப்பு ஹோட்டல் மண்டபத்தில் விழா வைத்துக் கலாநிதிப் பட்டம் கொடுத்ததாம்; அவர் பெயருக்கு முன்னால் 'கலாநிதி' வர வேண்டும் என்றும் வீட்டில் பேச்சு. எது சரி, வேலைக்கு விண்ணப்பிக்கும்போது என்ன எழுதுவது என்று கேட்கிறார்.

தம்பி, அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் கேட்டீர்கள், நல்லது. விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'பி.ஏ.' போடலாம். 'ஹொன்ஸ்' போடக்கூடாது. 'ரீடிங்' வேண்டாம். பெரியப்பாவின் பெயருக்கு முன்னால் 'கலாநிதி' வரக்கூடாது. இனிக் காரணங்களைச் சொல்கிறேன். நான் ஒரு பல்கலைக்கழகத்தின் பரீட்சைப் பிரிவில் முப்பது வருடங்களுக்கு மேல் இருந்தவன். பட்டச் சான்றிதழ்கள் கையொப்பத்துக்குப் போகும் முன் பெயர்களை எழுத்து எழுத்தாகச் சரிபார்ப்பதே என் வேலை. ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் பிள்ளைகள் படும் பாட்டை மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்திருக்கிறேன்.

நம் மொழியில் 'பட்டம்' என்ற சொல்லுக்குச் சுமை அதிகம். அரசனுக்குச் சூட்டுவதும் பட்டம். பல்கலைக்கழகம் தருவதும் பட்டம். மேடையில் பொன்னாடை போர்த்திக் கொடுப்பதும் பட்டம். பிள்ளைகள் வாத்தியாருக்கு வைப்பதும் பட்டம். காலிமுகத்திடலில் பறப்பதும் பட்டம். படித்துப் பெற்றது, பதவியால் வந்தது, தொழில் செய்ய அனுமதி தருவது, பிறர் மதித்துக் கொடுத்தது ஆகிய நான்கும் நம் வீட்டுப் பேச்சில் ஒன்றாகக் கலந்துவிடுவது இதனால்தான். என் அளவுகோல் ஒன்றே ஒன்று. பெயரோடு சேரும் ஒவ்வோர் எழுத்துக்கும் பின்னால் ஒரு நிறுவனம் நிற்க வேண்டும். 'இது நீங்கள் கொடுத்ததுதானா?' என்று யார் கேட்டாலும் அந்த நிறுவனம் பதிவேட்டைத் திறந்து பார்த்து 'ஆம்' என்று சொல்ல வேண்டும். உங்கள் 'பி.ஏ.'க்குப் பல்கலைக்கழகம் அப்படிச் சொல்லும். 'ஹொன்ஸு'க்குச் சொல்லாது.

உங்கள் அப்பா வேண்டுமென்றே பிழை செய்யவில்லை. வகுப்பு வந்தால் 'ஹொன்ஸ்' போடலாம் என்று நினைக்கிறார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். வகுப்பு வேறு, ஹொன்ஸ் வேறு. நம் பல்கலைக்கழகங்களில் பொதுப் பட்டம், சிறப்புப் பட்டம் என்று இரண்டு வகை நெடுங்காலமாக உண்டு. பல பாடங்களை மூன்று வருடம் படிப்பது பொது. ஒரு துறையை நான்கு வருடம் ஆழமாகப் படித்து ஆய்வுக் கட்டுரையும் எழுதுவது சிறப்பு. 2012 இல் வெளிவந்து 2015 இல் திருத்தப்பட்ட இலங்கைத் தகைமைகள் சட்டகம் இவற்றைப் படிகளாக வகுத்திருக்கிறது. க.பொ.த. சாதாரண தரம் முதலாம் படி. கலாநிதிப் பட்டம் 12 ஆம் படி. உங்கள் மூன்று வருடப் பட்டம் 5 ஆம் படியில் இருக்கிறது. அதற்கு 90 கிரெடிட் வேண்டும். நான்கு வருட ஹொன்ஸ் பட்டம் 6 ஆம் படி. அதற்கு 120 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது விரிவுரை, வாசிப்பு, ஒப்படை எல்லாம் சேர்ந்த 50 மணிநேரக் கற்றல். இடையில் உள்ள 30 கிரெடிட் என்றால் 1,500 மணிநேரம். உங்களுடைய தொகுதியில் அந்த நான்காம் வருடத்தில் விடுதியில் தங்கி, ஆய்வுக் கட்டுரையோடு மல்லுக்கட்டிய நண்பர்கள் உங்கள் திருமணத்துக்கு வருவார்கள். அழைப்பிதழ் முதலில் அவர்கள் கையில்தான் போகும்.

இரண்டாம் வகுப்பு உங்களுடையது. அதை யாரும் எடுக்க முடியாது. புள்ளிச் சராசரி 3.70 என்றால் முதலாம் வகுப்பு, 3.30 என்றால் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, 3.00 என்றால் கீழ்ப்பிரிவு என்பதே நம் பல்கலைக்கழகங்களின் பொதுவான வழக்கம். வேலை விண்ணப்பத்தில் வகுப்பையும் பிரிவையும் முழுதாக எழுதுங்கள். அழைப்பிதழில் வகுப்பு தேவையில்லை.

இதில் தமிழாலேயே வரும் இன்னொரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். 'ஹொன்ஸ்' பட்டத்தை இப்போது 'கௌரவப் பட்டம்' என்று மொழிபெயர்க்கிறார்கள். படிக்காமலே மதிப்பளித்துக் கொடுப்பதும் 'கௌரவ கலாநிதி'. பாராளுமன்ற உறுப்பினரை அழைப்பதும் 'கௌரவ'. ஒரே சொல் நான்கு வருட உழைப்பையும், உழைப்பே கேட்காத மதிப்பையும், பதவிக்குரிய மரியாதையையும் ஒன்றாகக் குறித்து நிற்கிறது. 'கௌரவ விஞ்ஞானமாணி' என்று தமிழில் எழுதிக் கொடுத்த ஒரு பிள்ளையிடம் நேர்முகப் பரீட்சையில், 'இது உங்களுக்குச் சும்மா கொடுத்ததா?' என்று கேட்டார்களாம். அந்தப் பிள்ளை கண்கலங்கி என்னிடம் சொன்னது இன்னும் மனதில் இருக்கிறது. அதனால்தான் என்னிடம் ஆலோசனை கேட்பவர்களிடம் 'விஞ்ஞானமாணி (சிறப்பு)' என்றோ, 'பி.எஸ்சி. (ஹொன்ஸ்)' என்றோ எழுதச் சொல்கிறேன். மொழிபெயர்ப்பில் பிள்ளைகளின் உழைப்பு மறையக்கூடாது.

'ரீடிங்' வழக்கம் கொழும்பில் இப்போது எங்கும் பரவியிருக்கிறது. விசிட்டிங் கார்டிலும் மின்னஞ்சலின் அடியிலும் 'எம்.பி.ஏ. (ரீடிங்)', 'பிஎச்.டி. (ரீடிங்)' என்று பார்க்கிறேன். படித்துக்கொண்டிருப்பது பெருமைதான், மறைக்கத் தேவையில்லை. ஆனால் பெயருக்குப் பின்னால் வருவது முடிந்த காரியமாக இருக்க வேண்டும். முதுமாணியைப் பாதியில் விட்டவர்களின் பெயரில் பத்து வருடமாக 'ரீடிங்' நிற்பதைப் பார்த்திருக்கிறேன். விண்ணப்பத்தின் கல்விப் பகுதியில், எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆண்டு தொடங்கினேன், எப்போது முடியும் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

ஒன்று கேட்கிறேன்: உங்கள் முதுமாணி எந்த வகை? பாடங்கள் மட்டும் உள்ள 30 கிரெடிட் முதுமாணி 9 ஆம் படி. ஆய்வும் சேர்ந்த 60 கிரெடிட் முதுமாணி 10 ஆம் படி. சான்றிதழில் இரண்டும் முதுமாணிதான். ஆனால் நாளைக்கு விரிவுரையாளராகவோ கலாநிதிப் பட்ட ஆய்வாளராகவோ விண்ணப்பிக்கப் போனால் ஆய்வு சேர்ந்ததையே கேட்பார்கள். இதைப் படிப்பு முடிந்த பிறகு தெரிந்துகொண்டு வருந்தியவர்கள் பலர். இந்த வாரமே உங்கள் கற்கைநெறிக் கையேட்டை எடுத்துப் பாருங்கள்.

இனிக் 'கலாநிதி'. ஆங்கிலத்தில் வைத்தியருக்கும் ஆய்வுப் பட்டம் பெற்றவருக்கும் ஒரே 'டொக்டர்' தான். அந்தச் சொல்லின் லத்தீன் வேருக்குக் 'கற்பித்தல்' என்பது பொருள். பல்கலைக்கழகங்கள் அதை முதலில் ஆசிரியர்களுக்கே கொடுத்தன. வைத்தியர்களுக்கு மரியாதைப் பெயராக வந்தது பிறகு. எம்.பி.பி.எஸ். என்பது இளமாணி நிலைப் பட்டம். பிரித்தானியாவில் சத்திரசிகிச்சை நிபுணர்கள் இன்றும் தங்களை 'மிஸ்டர்' என்றே அழைத்துக்கொள்வார்கள். இந்த விடயத்தில் இலங்கைத் தமிழ் நமக்கு வசதி செய்து தந்திருக்கிறது: சிகிச்சை தருபவர் வைத்தியர் அல்லது டொக்டர், ஆய்வேடு எழுதியவர் கலாநிதி. பத்திரிகைகளில் வரும் 'வைத்திய கலாநிதி' என்ற தொடர் அந்த வசதியைக் கெடுக்கிறது என்பது என் எண்ணம். தமிழ்நாட்டிலிருந்து வரும் 'முனைவர்' நம் கலாநிதிதான். கொழும்புத் தமிழ்ச் சங்கக் கூட்ட அழைப்பில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால், ஒன்று மற்றதைவிட மேல் என்று எண்ண வேண்டாம்.

'பேராசிரியர்' பட்டமே அல்ல, பதவி. நம் பல்கலைக்கழகங்களில் தகுதிகாண் விரிவுரையாளராகத் தொடங்கி, சிரேஷ்ட விரிவுரையாளராகி, ஆய்வுகளும் வெளியீடுகளும் மதிப்பிடப்பட்ட பிறகே இணைப் பேராசிரியர், பேராசிரியர், சிரேஷ்ட பேராசிரியர் என்று உயர்கிறார்கள். ஓய்வுக்குப் பின்னும் அந்தப் பெயரை வைத்திருக்கப் பல்கலைக்கழகம் தகைசார் பேராசிரியர் என்று தனியே அறிவிக்க வேண்டும். தமிழ்நாட்டில் கல்லூரியில் கற்பிப்பவர்களைப் பொதுவாகவே பேராசிரியர் என்பார்கள்; அங்கே கல்லூரி என்றால் பட்டப்படிப்பு. நமக்குக் கல்லூரி என்றால் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி போன்ற பாடசாலை. இது புரியாமல், 'கல்லூரிப் பேராசிரியர்' என்று வந்த விருந்தினரைப் பாடசாலை ஆசிரியர் என்று நினைத்தவர்களும் உண்டு.

பதவிக்கும் பட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட சுவாமி விபுலாநந்தரைவிட நல்ல உதாரணம் இல்லை. 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 இல் அப்போது கொழும்பில் இருந்த இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர் அவர். அவரிடம் இருந்தவை மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் லண்டன் பி.எஸ்சி. பட்டமும். கலாநிதிப் பட்டம் அவரிடம் இல்லை. ஆனால் பேராசிரியர் என்பதற்கு இரண்டு பல்கலைக்கழகங்கள் சாட்சி. அவருக்குப் பின் அந்தக் கதிரைக்கு வந்த க. கணபதிப்பிள்ளை லண்டனில் ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். இருவர் பெயரிலும் இருப்பதைவிட ஓர் எழுத்தும் கூட்ட வேண்டிய தேவை நமக்கு இல்லை.

பெயருக்குப் பின்னால் பட்டம் எழுதும் ஆசை நமக்குப் பழையது. அதில் குறை ஒன்றும் காணமாட்டேன். 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் முதற் பட்டதாரிகளாக வந்த கரோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும் யாழ்ப்பாணத்தவர்கள். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் பழைய வீடுகளின் மதிற்சுவரில் 'பி.ஏ. (லண்டன்)' என்று பித்தளைப் பலகை இருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த மனிதர் கப்பலேறியிருக்க வேண்டும் என்பதில்லை. 1921 இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி லண்டன் பரீட்சைகளுக்கே மாணவர்களைத் தயார் செய்தது. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அமைந்த பிறகுதான் நம் நாட்டுக்குச் சொந்தப் பட்டம் வந்தது. அடைப்புக்குள் பட்டம் தந்த இடத்தை எழுதிய அந்தத் தலைமுறையின் பழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். யாரைக் கேட்டால் உறுதிப்படுத்தலாம் என்பதை எழுதியவரே சொல்லிவிடுகிறார். நீங்களும் 'பி.ஏ. (கொழும்பு)' என்று எழுதுங்கள்.

அதே காரணத்தால், கொள்ளுப்பிட்டியிலோ பம்பலப்பிட்டியிலோ உள்ள தனியார் நிறுவனத்தில் படித்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டம் பெறுபவர்கள் அடைப்புக்குள் அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தையே எழுத வேண்டும். வகுப்பு நடந்த இடம் பட்டம் கொடுத்த இடமாகாது.

பெயரை ஒட்டி வரும் இன்னொன்று தொழில் உரிமம். சட்டமாணி பெற்றவர் சட்டத்தரணி ஆகிவிடுவதில்லை. புதுக்கடையில் இருக்கும் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளில் சித்தியடைந்து, பயிலுநராக இருந்து, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்த அன்றுதான் சட்டத்தரணி. உங்கள் தாத்தா காலத்தில் சட்டத்தரணிகளில் அப்புக்காத்து, பிறக்கிராசி என்று இரண்டு பிரிவு இருந்தது. 1970களில் இரண்டும் ஒன்றாகின. வைத்தியருக்கு இலங்கை மருத்துவ சபையின் பதிவு வேண்டும். வெளிநாட்டில் படித்து வந்தால் அதற்குத் தனிப் பரீட்சையும் உண்டு. பொறியியலாளர்களுக்காக 2017 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பொறியியல் பேரவை அமைந்தது. இவை படிப்பைச் சொல்பவை அல்ல; அந்த வேலையைச் செய்யலாம் என்ற அனுமதியைச் சொல்பவை. இந்த இடத்தில் கூட்டி எழுதினால் அது இன்னொருவரின் உயிரிலோ சொத்திலோ கைவைப்பதாகும். அதற்கு மன்னிப்பே கிடையாது.

இப்போது பெரியப்பா. இதை எழுதும்போது எனக்குத் தயக்கம் இருக்கிறது; வயதில் மூத்தவர், அந்த விழாவுக்கு நல்ல மனதோடுதான் போயிருப்பார். ஒரு பல்கலைக்கழகம் கௌரவ கலாநிதிப் பட்டம் கொடுப்பதென்றால் கல்வி விடயங்களைப் பார்க்கும் மூதவையும் நிர்வாகத்தைப் பார்க்கும் பேரவையும் பெயரை ஏற்றுக்கொண்டு, பட்டமளிப்பு விழாவில் வேந்தர் கையால் வழங்கும். பெறுபவரிடம் ஒரு சதமும் கேட்பதில்லை. அப்படிப் பெற்றவர்கள்கூட அதைப் பெயருக்கு முன்னால் போட்டு அழைக்கச் சொல்வதில்லை என்பதே பல பல்கலைக்கழகங்களில் உள்ள மரபு. வாழ்க்கைக் குறிப்பில் 'இன்ன பல்கலைக்கழகம் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது' என்று எழுதுவார்கள். பட்டம் வழங்கும் அதிகாரமே இல்லாத ஓர் அமைப்பு, பதிவுக் கட்டணம், மேலங்கிக் கட்டணம், படப்பிடிப்புக் கட்டணம் என்று வாங்கிக்கொண்டு கொடுத்த காகிதத்துக்கு அந்த மதிப்பும் இல்லை. பட்டங்களின் பெயரிலும் ஏமாற்று நடக்கிறது: தேசமான்ய, தேசபந்து போன்றவை 1986 இல் தொடங்கிய அரச விருதுகள், அவற்றைப் போலவே ஒலிக்கும் பெயர்களைத் தனியாரும் அச்சிட்டுக் கொடுக்கிறார்கள்.

2024 டிசம்பர் 13 இல் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சபாநாயகர் அசோக ரன்வலவின் கலாநிதிப் பட்டம் குறித்துக் கேள்வி எழுந்தது. தான் பொய் சொல்லவில்லை என்றும், ஆவணங்களை உடனே காட்ட முடியாமல் இருக்கிறது என்றும் சொல்லி அவர் பதவி விலகினார். அந்த நாட்களிலேயே, பாராளுமன்ற இணையத்தளத்தில் ஓர் அமைச்சரின் பெயருக்கு முன்னால் அவர் கேட்காமலே 'கலாநிதி' ஏறியிருந்தது தெரியவந்து, அது தரவு உள்ளிட்டபோது நேர்ந்த பிழை என்று திருத்தப்பட்டது. நாமே எழுதாவிட்டாலும் நம் பெயரில் பிறர் ஏற்றியதை இறக்கும் பொறுப்பு நம்முடையது. அழைப்பிதழில் பெரியப்பாவின் பெயர் இருநூறு வீடுகளுக்குப் போகிறது. அதில் ஒரு வீட்டில் அந்தக் காகிதத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் வருத்தப்படப்போவது அவர்தான்.

ஒரு கலாநிதிப் பட்டம் உண்மையானதா என்று தெரிய மூன்று கேள்வி போதும். ஆய்வேட்டின் தலைப்பு என்ன? மேற்பார்வையாளர் யார்? எந்த நூலகத்தில் அந்த ஆய்வேடு இருக்கிறது? குறைந்தது மூன்று வருடம் ஒன்றோடு வாழ்ந்தவர் இதற்கு நித்திரையிலும் பதில் சொல்வார். கேட்டால் சந்தோஷமும் படுவார். 'வாழ்க்கை அனுபவத்தைக் கணக்கில் எடுத்து' என்றோ 'ஆறு மாதத்தில்' என்றோ விளம்பரம் வந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தின் பெயரோடு ஒரு சொல்லை மட்டும் மாற்றி வைத்திருப்பவர்களிடமும், தாங்களே உருவாக்கிய 'தர உறுதிச் சபை'யின் முத்திரையைக் காட்டுபவர்களிடமும் கவனமாக இருங்கள்.

படிப்பில் சேர முன் சரிபார்க்கும் வழி இது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால் வார்ட் பிளேஸில் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள். பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் சங்கமோ சர்வதேசப் பல்கலைக்கழகங்களின் சங்கமோ வைத்திருக்கும் பட்டியலில் அது இருக்கிறதா என்று பார்ப்பார்கள், கடிதமும் பெறலாம். உள்நாட்டுத் தனியார் நிறுவனம் என்றால் 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25அ பிரிவின்படி வர்த்தமானியில் வந்திருக்க வேண்டும். இங்கே பலரும் தவறவிடும் ஒன்று: அங்கீகாரம் குறிப்பிட்ட பட்டங்களுக்குத்தான் கிடைக்கிறது. நிறுவனத்தின் பெயர் வர்த்தமானியில் இருந்தால் போதாது. நீங்கள் சேரப்போகும் பட்டத்தின் பெயர் அதில் இருக்க வேண்டும். வரவேற்பு மேசையில் இருப்பவர் 'எல்லாம் அங்கீகாரம் பெற்றது' என்றால், வர்த்தமானி இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

சான்றிதழைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. ஒரு நாள் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய் மகளின் பட்டச் சான்றிதழோடு வந்தார். மகளுக்கு வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்து, இரண்டு கிழமைக்குள் உறுதிப்படுத்திய சான்றிதழ் அனுப்ப வேண்டியிருந்தது. கரப்பானும் ஈரமும் படக்கூடாது என்று அந்த அம்மா சான்றிதழைப் பத்திரமாக லமினேட் செய்து வைத்திருந்தார். உறுதிப்படுத்தும் அலுவலகத்தில் அதை ஏற்கவில்லை. பிளாஸ்டிக்கின் மேல் முத்திரை நிற்காது, உள்ளே எழும்பியிருந்த அழுத்த முத்திரையும் சூட்டில் தட்டையாகிவிட்டது. அவர் விளிம்பை நகத்தால் உரித்துப் பார்த்திருக்கிறார். மூலையில் காகிதமும் சேர்ந்து கிழிந்திருந்தது. அதைக் காட்டும்போது அவர் விரல்கள் நடுங்கின. பிரதி வழங்கும் நடைமுறையை விரைவாக்க எங்களால் முடிந்ததைச் செய்தோம். பிள்ளை போய்ச் சேர்ந்தாள். ஆகவே கேட்கும் எல்லோரிடமும் சொல்கிறேன்: லமினேட் செய்யாதீர்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு, மடிக்காமல், தட்டையான கோப்பில் வையுங்கள். பெறுபேற்று விபரப் பத்திரத்தில் இப்போதே மூன்று நான்கு பிரதி, மூடி முத்திரையிட்ட உறையில், எடுத்து வையுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டி வந்தால் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்த வேண்டியிருக்கும். அது பத்தரமுல்லை சுஹுருபாயவில் இருக்கிறது.

பெயரையும் பாருங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னுக்கு, பட்டச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும் என்று நம் பிள்ளைகளின் பெயர்கள் நான்கு விதமாகக் கிடக்கின்றன. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக் கூடினால் கணினிக்கு அது வேறு ஆள். முரண் இருந்தால் இப்போதே சத்தியக்கடதாசி முடித்துச் சான்றிதழோடு வைத்துக்கொள்ளுங்கள். திருமணத்துக்குப் பின் கணவன் பெயரைச் சேர்க்கும் பெண்களுக்கும் இதையே சொல்வேன்: சான்றிதழில் உள்ள பெயர் மாறாது, இரண்டையும் இணைக்கும் பத்திரம் கையில் இருக்க வேண்டும்.

வேலை விண்ணப்பத்தில் பட்டங்களைக் கீழிருந்து மேலாக, அதாவது இளமாணி முதலில், முதுமாணி பிறகு, தொழில்சார் நிறுவனங்களின் அங்கத்துவம் கடைசியில் என்று பெயருக்குப் பின் எழுதுவது நம் ஊர் வழக்கம். கல்விப் பகுதியில் மட்டும் அண்மையது மேலே வரட்டும். பட்டம் செல்லுபடியாகத் தொடங்கும் திகதியைச் சான்றிதழில் பார்த்து அப்படியே எழுதுங்கள். அது பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் நீங்கள் மேலங்கி அணிந்து படம் எடுத்த நாளாக இருக்காது, அரச வேலைக்கு அந்தத் திகதியையே கேட்பார்கள். இரண்டு கிழமைச் செயலமர்வுச் சான்றிதழ்களைப் பெயருக்குப் பின்னால் அடுக்க வேண்டாம்.

பெரியப்பாவிடம் அப்பா பேசுவதைவிட நீங்களே போய்ப் பேசுவது நல்லது என்று நினைக்கிறேன். ஹோட்டல் விழாவைப் பற்றி எதுவும் பேசாமல், 'பெரியப்பா, அழைப்பிதழில் உங்கள் பெயருக்குக் கீழே ஓய்வுபெற்ற அதிபர் என்றும், எந்தப் பாடசாலை என்றும் போட விரும்புகிறேன்' என்று கேளுங்கள். அவரிடம் படித்தவர்கள் அந்த வரியைப் பார்த்துத்தான் மண்டபத்தில் அவரைத் தேடி வருவார்கள். அதற்குக் கல்வித் திணைக்களத்தின் பதிவேடு இருக்கிறது.

அச்சகத்திலிருந்து மாதிரிப் படி வந்ததும் கடைசிப் பிரதியை நீங்களே பாருங்கள். 'பி.ஏ. (கொழும்பு)' என்று வேண்டாம், தமிழில் 'கலைமாணி' என்று போடுவோம் என்று அப்பா சொன்னால், தாராளமாகப் போடுங்கள். ஆனால் அச்சகங்களில் அது அடிக்கடி 'கலைமானி' என்று வந்துவிடுகிறது. மானி என்றால் வெப்பமானி போல அளக்கும் கருவி. மாணி என்றால் குருவிடம் இருந்து கற்கும் பிரமச்சாரி. மூன்று சுழி 'ணி' இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையொப்பம் வையுங்கள்.